முதலில் விலகிப் போகணும்

கேப்டனுக்கு ஒரு பழக்கம் உண்டு. படகுப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு படகுத்துறையில் வரிசையாக நிற்கும்போது, ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று, ஜாக்கெட்டின் இரண்டு தோள்களையும் பிடித்து மேலே ஓர் இழுப்பு இழுப்பார். ஜாக்கெட் காதுவரை ஏறினால், “இப்ப தண்ணியில விழுந்தா இது மிதக்கும். நீங்க மிதக்க மாட்டீங்க” என்பார். வாரை இறுக்கச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போவார். பல் டாக்டரோ, தலைமையாசிரியரோ, புதிதாகப் படகு வாங்கிய கட்டட ஒப்பந்தக்காரரோ, யாராக இருந்தாலும் அதே இழுப்புதான்.

அவருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. ஆள் குள்ளம். குரல் மட்டும் காற்றுக்கு எதிராகப் பேசிப் பழகிய குரல். வீட்டில் உப்பு கேட்டால் அடுத்த தெருக்காரர் எடுத்துக்கொண்டு வருவார் என்பது அவருடைய கணவர் சொல்லும் கேலி.

துறைமுகத்தின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடிய ஃபெரியில் டிக்கெட் கிழிக்கத்தான் அவர் முதலில் போனார். ஃபெரியைத் துறையில் கட்டக் கயிறு போடும் ஆள் லீவு எடுத்த ஒரு நாளில், “நான் போடட்டுமா?” என்று கேட்டார். போட்டார். அப்புறம் கயிறு அவருடைய வேலையாயிற்று. சில வருஷங்களில் பரீட்சை எழுதி சுக்கானுக்குப் போனார். ஆரம்பத்தில் அவர் சுக்கான் பிடிப்பதைப் பார்த்து அடுத்த ஃபெரிக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. அடுத்த ஃபெரியிலும் அவரே வந்து நிற்பார், வேறு வழியில்லாமல் ஏறுவார்கள். பின்னால் பாலம் வந்தது, ஃபெரி நின்றது. அதற்காக அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டார். என்ஜினோடு காலம் தள்ளியவருக்கு அது லேசில் வரவில்லை. என்ஜினைப் பின்னால் ஓட விட்டால் ஃபெரி நிற்கும். காற்றுக்கு பிரேக் கிடையாது.

இப்போது படகுப் பள்ளியில் இரண்டு கேப்டன்கள். இன்னொருவர், பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் படகை ஓட்டியவர். அதனால் இழுவைக்காரர் என்றே பெயர். கேப்டனைவிடச் சின்னவர், அவரை அக்கா என்பார். பள்ளி என்றால் தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரு வெள்ளைப் பலகை, ஈரக் கயிறுகள் தொங்கும் ஆணிகள், வெளியே மூன்று படகுகள். அவ்வளவுதான். ஆனால் ஒரு விதியில் இருவரும் கறார்: சொல்லிக்கொடுத்தவர் டெஸ்ட் வைக்கக் கூடாது. அவர் மாணவர்களுக்கு இவர், இவர் மாணவர்களுக்கு அவர். சொல்லிக்கொடுத்த கண் தானாகவே கொஞ்சம் மன்னித்துவிடும் என்பது கேப்டனின் கட்சி.

டெஸ்டில் எல்லாரையும் கவிழ்ப்பது ஒரே ஒரு பாடம். ஓடும் படகிலிருந்து ஆள் தண்ணீரில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பது. மனசு சொல்வது, உடனே திரும்பு. உடனே திரும்பினால் காற்று பின்னாலிருந்து தள்ளும், படகு நிற்காது, விழுந்தவர் மேலேயே ஏறிவிடும். அதனால் முதலில் அவரை விட்டு விலகிப் போக வேண்டும். நாலைந்து படகு நீளத்துக்காவது போய், காற்றுக்கு முகம் கொடுத்துத் திரும்பி, பாயைத் தளர்த்திக்கொண்டே மெல்ல வந்தால் படகு அவர் பக்கத்தில் தானாக நிற்கும். படகில் ஒருவர் விழுந்தவரை நோக்கி நீட்டிய கையை இறக்காமல், கண்ணை எடுக்காமல் இருப்பார். சுக்கான் பிடிப்பவர் மட்டும் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும்.

“விழுந்தவரை விட்டுட்டு ஓடுறதுக்கா உங்ககிட்ட படிக்க வந்தோம்?” என்று யாராவது கேட்காத வகுப்பே இல்லை.

“திரும்பி வர்றதுக்குத்தான் போறீங்க. போங்க” என்பார் கேப்டன்.

இந்தப் பாடத்துக்காக ஒரு பொம்மை இருந்தது. மணலும் காலித் தண்ணீர்ப் புட்டிகளும் அடைத்த பாய்த்துணி உடம்பு. நிஜ ஆள்போல மார்பளவு அமிழ்ந்து மிதக்கும். மாணவர்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைத் தைத்துக் கொடுத்தது கேப்டனின் கணவர். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அவரை எல்லாரும் டெய்லர் என்பார்கள். கேப்டனின் பழைய ஃபெரி யூனிஃபார்ம் சட்டையை அவரேதான் பொம்மைக்கு மாட்டித் தைத்தார். துணி நல்ல துணி, வீணாகப் போவானேன் என்றார்.

டெய்லருக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. ஃபெரி ஓடிய காலம் முழுக்க, அக்கரையில் இருந்த தன் கடைக்குத் துறைமுகத்தைச் சுற்றி பஸ்ஸில்தான் போனார். “சம்சாரம் கப்பல் ஓட்டுது, இவர் படிக்கட்டுல தொங்கிட்டு வர்றார்” என்று கண்டக்டரே கிண்டல் செய்வார். டெய்லர் அலட்டிக்கொள்ள மாட்டார். “ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள போனா வீட்டுச் சாவி யாருகிட்ட இருக்கும்?” என்பார்.

அப்படிப்பட்டவர் கையில் கயிறு உராய்ந்த தழும்புகளைக் கேப்டன் ஒருநாள் பார்த்தார்.

“என்னங்க இது?”

“கத்திரி பட்டுச்சு.”

கத்திரிக்கோல் உள்ளங்கையில் குறுக்காக ஏன் படுகிறது என்று கேப்டன் கேட்கவில்லை. அடுத்த வாரம் டெஸ்டுக்கு வந்த மூன்று பேரில் மூன்றாவதாக டெய்லர் நின்றார். வாரை இறுகக் கட்டியிருந்தார். கேப்டன் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். ஜாக்கெட் அசையவில்லை.

“தம்பி, இதெல்லாம் எப்போலேர்ந்து?” என்று கேப்டன் திரும்பிக் கேட்டார்.

இழுவைக்காரர் தலையைச் சொறிந்தார். “மாமா தினம் காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி வந்துட்டுப் போறாருக்கா. முதல் ரெண்டு நாள் வாந்திதான். உங்ககிட்ட சொன்னா கடையில என் பேன்ட் வெட்டாமலே கிடக்கும்னு மிரட்டிட்டாரு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “சர்ட்டிஃபிகேட் இருந்தா நம்ம படகைத் தனியா எடுக்கலாம்ல. உங்களைச் சும்மா உக்கார வச்சு அவரு ஒரு சுத்து ஓட்டணுமாம். வாழ்நாள் பூரா நீங்களே ஓட்டிட்டீங்களாம்.”

கேப்டன் நேராகப் போய்ப் படகில் ஏறினார்.

டெய்லர் நன்றாகவே ஓட்டினார். ஊசியில் நூல் கோக்கிற நிதானம் சுக்கான் கட்டையிலும் இருந்தது. துறையிலிருந்து எடுத்ததும், பாய் ஏற்றியதும், எதிரே வந்த படகுக்கு வழி விட்டதும் குறை சொல்ல இடமில்லை. கேப்டன் வழக்கம்போல வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். இவரை நான் சரியாகப் பார்க்கிறேனா, பெண்டாட்டியாகப் பார்க்கிறேனா என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு, சொல்லாமல் கொள்ளாமல், மாப்பிள்ளையை எடுத்துத் தண்ணீரில் தள்ளினார்.

பொம்மை முதுகு காட்டி மிதந்தது. யூனிஃபார்ம் சட்டையின் தோள்பட்டைக் கோடுகள் அலையில் ஏறி இறங்கின.

டெய்லர் உடனே திருப்பினார். பாயின் அடிக்கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தடாலென்று வீசியது. மற்ற இருவரும் குனிந்ததால் தலை தப்பியது. காற்று பின்னாலிருந்து தள்ள, படகு நேராகப் போய் மாப்பிள்ளை மேல் ஏறியது. அடியில் ஏதோ உருள்வது பலகை வழியாக எல்லார் காலுக்கும் தெரிந்தது.

கரைக்கு வந்ததும் மற்ற இருவருக்கும் பாஸ் சொன்ன கேப்டன், கணவர் முகத்தைப் பார்த்தே, “உங்களுக்கு இல்லை” என்றார்.

“சரி” என்றார் டெய்லர். ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அன்று மாலை வீட்டில் தட்டு வைக்கும் சத்தம்தான் பேச்சு. சண்டை என்றால்கூடப் பரவாயில்லை. டெய்லர் எல்லாவற்றுக்கும் “சரி” என்றார். இன்னும் கொஞ்சம் குழம்பா, சரி. ஜன்னலைச் சாத்தட்டுமா, சரி. மழை தொடங்குவதற்கு முன் படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள்; அதற்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. கரையேற்றினால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும். இவ்வளவு வருஷம் கழித்துத் தண்ணீர் பக்கம் வந்த மனிதர், இந்தக் கோபத்தோடு அத்தனை மாதம் இருந்துவிட்டு, மறுபடி படகில் கால் வைப்பாரா? வைக்க மாட்டார். கேப்டனுக்கு அது நன்றாகத் தெரியும். பாஸ் போட்டிருந்தால் என்ன, நான்தானே கூட உட்கார்ந்திருக்கப் போகிறேன் என்றும் ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அதை விரட்டினார். விழுவதே நானாக இருந்தால்?

தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது டெய்லர் பின்னால் வந்து நின்றார்.

“தம்பிகிட்ட தினம் சரியாத்தான் செஞ்சேன். கேட்டுப் பாரு. அவன் பிளாஸ்டிக் கேன்தான் போடுவான்.”

“சொன்னான்.”

“நீ போட்டது உன் சட்டை.”

கேப்டன் குழாயை மூடினார்.

“நான்தான் மாட்டித் தைச்சேன். அப்பத் தெரியல. தண்ணியில அந்தத் தோளைப் பார்த்ததும் விட்டுட்டுப் போகக் கை வரல. எப்படிப் போறது?”

“அதுக்காகப் பாஸ் போட முடியாதுங்க.”

“போடுன்னு யாரு சொன்னா? போட்டிருந்தீன்னா இனிமே படகுலயே ஏறியிருக்க மாட்டேன்.” துடைக்கும் துணியை எடுத்து ஒரு தட்டைத் துடைக்கத் தொடங்கினார். “நீ சொல்லிக்குடு. அவன் டெஸ்ட் வைக்கட்டும். விதிக்கு விதியும் ஆச்சு.”

மறுநாள் காலை காற்று நிதானமாக இருந்தது. கேப்டன், டெய்லர், இழுவைக்காரர் மூவரும் ஒரே படகில் போனார்கள். மாப்பிள்ளையை எடுத்து வரவில்லையே என்று இழுவைக்காரர் கேட்டார்.

“வேண்டாம்” என்ற கேப்டன் தன் ஜாக்கெட் வாரை இன்னும் ஒரு துளை இறுக்கினார். “நான் இறங்கறேன்.”

“அக்கா, இதெல்லாம் நம்ம பாடத்துலயே இல்லை.”

“நீ கை நீட்டிக் காட்டிட்டே இரு. கண்ணை எடுத்த, தொலைச்சுடுவேன்.” பிறகு கணவரிடம், “நீங்க என்னைப் பார்க்கக் கூடாது. தம்பி பார்ப்பான். நீங்க போங்க” என்றார்.

டெய்லர் எட்டி அவர் கையைப் பிடித்தார். “ஏம்மா, பொம்மையையே போட்டுக்கலாமே. சட்டையைக் கழட்டிட்டு.”

“சட்டையைக் கழட்டினா நீங்க கத்துக்கிட்டதா ஆகுமா?”

சொல்லிவிட்டு, படகின் விளிம்பில் உட்கார்ந்து, துவைக்கப் போகிறவர்போல நிதானமாகத் தண்ணீருக்குள் இறங்கினார்.

தண்ணீர் குளிர்ந்து கழுத்தைப் பிடித்தது. ஜாக்கெட் அவரைத் தூக்கி நிறுத்தியது. படகு அவரைக் கடந்து போனது. இழுவைக்காரரின் நீட்டிய கை தெரிந்தது. அதற்குப் பின்னால் சுக்கான் கட்டையைப் பிடித்த கணவரின் முதுகு. திரும்பப் போகிறார் என்று கேப்டன் நினைத்தார். தோள்கள் ஒருமுறை இறுகின. திரும்பவில்லை. போனார்.

எத்தனையோ பேருக்கு, போங்க, போங்க என்று கத்தியிருக்கிறார். விழுந்தவரின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று அவர் பார்த்ததே இல்லை. ஆள் விழாத ஃபெரி, ஆள் விழாத வருஷங்கள். எல்லாம் எனக்குத் தெரியும் என்றுதான் இருந்தார். இங்கிருந்து பார்த்தால் படகு போகிறது, அவ்வளவுதான் தெரிகிறது. திரும்பி வரத்தான் போகிறது என்பது படகில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த சமாசாரம். ஒரு சின்ன அலை வந்து படகை மறைத்தது. பயம் என்று சொல்ல மாட்டார். ஆனால் அந்தக் கை இன்னும் நீண்டிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். நீண்டிருந்தது. இனிமேல் விழுந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பட்டது. போவார்கள், பதறாதீர்கள், கையைப் பாருங்கள் என்று.

தூரத்தில் பாய் படபடத்து மறுபக்கம் மாறியது. படகு மூக்கைத் திருப்பியது. வரும்போது பெரிதாக வந்தது, ஆனால் வேகமாக வரவில்லை. பாயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு, இருட்டில் கால் வைக்க இடம் பார்க்கிற ஆள்போலத் தயங்கித் தயங்கி வந்து, இரண்டு கை தூரத்தில் நின்றேவிட்டது. டெய்லர் முதலில் பாய்க் கயிற்றை முழுக்க விட்டார். அப்புறம்தான் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

“ரொம்ப தூரம் போயிட்டீங்க” என்றார் கேப்டன்.

“நீதானே போகச் சொன்ன.”

“சொன்னேன்.”

இழுவைக்காரர் இப்போதுதான் கையை இறக்கித் தோளைப் பிசைந்துவிட்டுக்கொண்டார். “அக்கா, இதையே டெஸ்ட்டா வச்சுக்கலாமா? படகு அருமையா நின்னுச்சு.”

“சொல்லிக்குடுத்தவ இங்கேயே மிதந்துட்டு இருக்கேன், டெஸ்ட்டா? நாளைக்கு, நான் இல்லாம, முதல்லேர்ந்து.”

“இன்னும் பக்கத்துல நிறுத்தியிருக்கணும்” என்று டெய்லர் இடையிலிருந்த தண்ணீரை, துணி அளப்பவர்போலக் கண்ணால் அளந்தார். “ரெண்டு கை வித்தியாசம். தையல்ல இதை விட முடியுமா? ஏறு முதல்ல, சளி பிடிச்சுக்கும்.”

ஏணியை இறக்கினார்கள். கேப்டன் நீந்தி வந்து அதைப் பிடித்தார். முதல் படியில் கால் வைத்து, இரண்டாவதிலும் வைத்தார். ஜாக்கெட்டிலிருந்து தண்ணீர் ஒழுகியது. கணவரின் கை நீண்டு வந்தது. கேப்டன் அந்தக் கையைப் பார்த்தார், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். பிறகு ஏணியை விட்டுவிட்டு, மறுபடி தண்ணீருக்குள் சாய்ந்தார்.

“இன்னொரு தடவை. போங்க” என்றார்.