நிழலன் வளரக் கூடாது

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குத் "தம்பி" என்று பெயர். நாற்பத்தைந்து வயது, மூட்டு வலி, பதினேழு வயதில் ஒரு மகள், இத்தனையும் உள்ள ஒருத்தியைத் தம்பி என்று கூப்பிட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். அவளுக்கு அது பெருமையாகவே இருந்தது. "நிழலன்" என்ற தொலைக்காட்சித் தொடரில் நிழலுக்குள் புகுந்து, நிழல் வழியாகவே ஊரெல்லாம் சுற்றி, கெட்டவர்களைப் பிடித்துக் கொடுக்கும் பதினைந்து வயதுப் பையனுக்குக் குரல் கொடுத்தவள் அவள்தான்.

அந்த வேலை கிடைத்ததே நடித்த பையனின் போறாத காலத்தால். மூன்று பகுதி எடுத்து முடிப்பதற்குள் அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. ஒவ்வொரு வசனமும் கீச்சென்று ஆரம்பித்துத் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டியதுபோல் முடியும். உலகத்தைக் காப்பாற்ற வந்தவன் அப்படிப் பேசினால் உலகம் சிரித்தே செத்துவிடும். அவசரத்துக்கு இவளைக் கூப்பிட்டார்கள். அதுவரை அவள் பார்த்ததெல்லாம் கூட்டத்தோடு கத்துகிற வேலை. சந்தைக் காட்சி என்றால் பத்துப் பேரோடு சேர்ந்து இரைச்சல் போடுவாள். குழந்தை அழ வேண்டுமென்றால் அழுவாள். திரையில் கொலை விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரியாக அலறுவாள். பதினெட்டு வருடம் இப்படியே ஓடியது. கணவன் ஒரு நாள் வேலைக்குப் போவதுபோல் பையை மாட்டிக்கொண்டு போய் வேறொருத்தி வீட்டில் குடியேறிவிட்டான். அதற்கு மறுநாள்கூட அவள் கூடத்துக்குப் போய், யாருடைய கல்யாணத்துக்கோ ஆரவாரம் செய்துவிட்டுத்தான் வந்தாள்.

நிழலன் வந்த பிறகு அவளுக்கு முதுகு நிமிர்ந்தது. அவளுக்கென்று தனியாக ஒரு மைக், தனியாக ஒரு நேரம். அந்த அறைக்குள் கடிகாரம் கிடையாது, மின்விசிறி கிடையாது. சலசலக்கும் துணி உடுத்தக் கூடாது. வெறும் வயிற்றோடு போனால் வயிறு கடமுடா என்று பேசும், அதையும் மைக் பிடித்துக்கொள்ளும். நிறையச் சாப்பிட்டுப் போனால் மூச்சு வாங்கும். அரை வயிற்றோடு நின்று, திரையில் அந்தப் பையனின் உதட்டையே பார்த்து, அது திறக்கும்போது திறந்து, மூடும்போது மூட வேண்டும். நாலு வருடம் அதைச் செய்தாள்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். இது தன் குரல் என்று அவள் வெளியே மூச்சு விடக் கூடாது. நிழலன் ஒரு நடுத்தர வயதுப் பெண் என்று தெரிந்தால் பிள்ளைகளின் மனசு உடைந்துவிடுமாம். அவள் மகளுக்கு மட்டும் தெரியும். மகளோ நிழலன் என்றால் உயிரை விடுகிறவள். அவள் தோழிகளும் அப்படித்தான். "நிழலன் எங்க வீட்லதான் துணி துவைக்குது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பள்ளிக்கூடமே அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். பதின்மூன்று வயதில் வாயைப் பூட்டியவள், பதினேழு வரை திறக்கவில்லை. பெரிய மனுஷர்களுக்கே முடியாத காரியம் அது.

நாலாவது சீசன் முடிந்தபோதுதான் வினை வந்தது. தயாரிப்பு நிறுவனம் ரசிகர் குழுவில் ஓர் அறிவிப்புப் போட்டது: அடுத்த சீசனில் நிழலன் பெரியவனாக வேண்டுமா, பதினைந்து வயதுப் பையனாகவே இருக்க வேண்டுமா? பத்து நாள் விவாதியுங்கள், பிறகு ஓட்டுப் போடுங்கள், உங்கள் முடிவே எங்கள் முடிவு.

அவ்வளவுதான், தேன்கூட்டில் கல்லெறிந்த மாதிரி ஆனது குழு. வளரட்டும் என்று ஒரு கட்சி, வளரவே கூடாது என்று ஒரு கட்சி. நண்பகலில் நிழல் காலடியில் சுருங்கும்போது அவன் சக்தி என்ன ஆகும் என்று நாலு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், இப்போதும் அதையே கேட்டார். இரண்டு கட்சியும் சேர்ந்து அவரைத் திட்டியது. அந்தப் பத்து நாளில் அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

அவள் ஒன்று விடாமல் படித்தாள். நிழலன் வளர்ந்தால் நடித்த பையனே பேசிவிட்டுப் போவான். இப்போது அவனுக்கு நல்ல கனமான குரல். இவள் மறுபடி கூட்டத்தோடு நின்று கத்த வேண்டியதுதான். பழையபடி பக்கத்து வீட்டுக்காரியாக அலற வேண்டியதுதான். இரண்டாம் நாள் "முதல்நாள் ரசிகன்" என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு குழுவுக்குள் நுழைந்தாள்.

நன்றாகவே எழுதினாள். நாலு வருடம் அடுத்தவர் எழுதிய வசனத்தைப் பேசியவளுக்குத் தன் வசனத்தைத் தானே எழுதுவது வெறிபிடித்த மாதிரி இருந்தது. "வளர்ந்தவர்கள் உலகத்தைக் காப்பாற்றியதாக எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வாடகை கட்டத்தான் அவர்களுக்கு நேரம் இருக்கும்" என்று எழுதியதற்கு அறுநூறு பேர் கைதட்டினார்கள். மூன்றே நாளில் வளரக் கூடாது கட்சிக்கு முதல்நாள் ரசிகன்தான் தலைவன்.

எதிர்க்கட்சிக்குத் தலைவி "அறுந்தவால்" என்று ஒருத்தி. சளைக்காமல் பதில் சொன்னாள். "நாங்க வளந்துட்டோம், அவன் மட்டும் ஏன் அங்கேயே நிக்கணும்? பாவம் இல்லயா?" என்று கேட்டாள். அவள் பின்னால் முப்பது நாற்பது பேர் கட்டுக்கோப்பாக நின்றார்கள். அறுந்தவால் யார் என்று அம்மாவுக்குத் தெரியும். அந்தப் பெயரை வைத்ததே அவள்தான், மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது.

ஒரே வீடு. இரண்டே அறை. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுவாள். அம்மா சமையலறையில் அடுப்பைத் தணித்துவிட்டுப் பதில் தட்டுவாள்.

"யாரோ முதல்நாள் ரசிகனாம்மா. கிழவனா இருப்பான் போல. எதுக்கெடுத்தாலும் வாடகையப் பத்தியே பேசுறான்" என்றாள் மகள் ஒரு நாள் சாப்பிடும்போது.

"விடுடி, அவங்கவங்களுக்கு ஒரு கவல" என்றாள் அம்மா.

"நீயே சொல்லு. அவன் வளரக் கூடாதா?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் வளர்ந்தா எனக்கு வேலை போயிடும்டி என்று ஒரு வரி. மகள் அந்த நிமிடமே ஃபோனைத் தூக்கிப் போட்டிருப்பாள். ஆனால் பெற்ற பிள்ளையிடம் போய்ப் பிழைப்புக்காகக் கெஞ்சுவதா என்று ஒரு வீம்பு. "உனக்கு ஏன் இவ்ளோ அக்கறை?" என்று மட்டும் கேட்டாள்.

மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "ரெண்டாவது சீசன்ல அவங்கப்பா வீட்ட விட்டுப் போவார்ல. நீதான அப்பா போகாதீங்கன்னு பேசுன. அத நான் எத்தன தடவ பாத்திருப்பேன்னு எனக்கே தெரியாது" என்றாள். பிறகு தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "அவன் பெரியவனானா அப்பாவத் தேடிப் போவான்மா. ஏன் போனீங்கன்னு நேருக்கு நேரா கேப்பான். என்னால போய்க் கேக்க முடியாது. அவனாச்சும் கேக்கட்டும். சிரிக்காத, யார்கிட்டயும் சொல்லிடாத."

அம்மா சிரிக்கவில்லை. மகளின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் மனசு நிஜமாகவே கரைந்தது. அதில் பொய் இல்லை.

பத்தாம் நாள் பகலில் வளரட்டும் கட்சியின் கை ஓங்கியது. மகள் அருமையாக ஒன்று எழுதியிருந்தாள்: தொடர் பாதியில் விட்ட கேள்விகளுக்கு ஒரு பையனால் பதில் தேட முடியாது, ஒரு மனிதனால்தான் முடியும் என்று. முதல்நாள் ரசிகனின் ஆட்களே கட்சி மாற ஆரம்பித்தார்கள். அப்போது அம்மா கூடத்தின் வராந்தாவில், வேறேதோ விளம்பரத்துக்குக் கூட்டக் குரல் கொடுக்க எட்டுப் பேரோடு காத்திருந்தாள். பக்கத்தில் ஒருத்தி கொட்டாவி விட்டுக்கொண்டே, "என்ன தம்பி, திரும்ப எங்க கூட்டத்துக்கே வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். சுருக்கென்றது. ஃபோனை எடுத்தாள்.

"இங்கே சிலர் அவன் வளர வேண்டும் என்று துடிப்பது கதைக்காக இல்லை. வீட்டை விட்டு ஓடிப்போன தங்கள் அப்பாவை அவனை அனுப்பித் தேடப் பார்க்கிறார்கள். அதற்கு ஒரு தொடர் எதற்கு? ஒரு பேருந்துச் சீட்டு போதுமே."

குழு சிரித்தது. ஆயிரம் பேர் சிரித்தார்கள். யாரைச் சொல்கிறான் என்று யாருக்கும் தெரியாது; தெரியாமலே சிரித்தார்கள். அறுந்தவால் ஒரு மணி நேரம் கழித்துக் குழுவை விட்டு விலகினாள். அவளோடு அவள் தோழிகள் முப்பத்தி நாலு பேரும் விலகினார்கள். மறுநாள் ஓட்டெடுப்பில் வளரக் கூடாது கட்சி பதினோரு ஓட்டில் ஜெயித்தது.

அன்று சாயங்காலம் அம்மா மகளுக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைத்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்தது. "சின்ன விஷயத்துக்கெல்லாம் மூஞ்சிய தூக்கி வச்சுக்காத" என்றாள். "இல்லம்மா, ஒண்ணுமில்ல" என்று மகள் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்தாள். பிள்ளைகளுக்கு எல்லாம் சீக்கிரம் மறந்துபோகும் என்று அம்மா தன்னைத் தேற்றிக்கொண்டாள். நமக்குச் சௌகரியமானதை நம்புவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு வாரம் கழித்து இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். சின்ன வயசு, மரியாதை தெரிந்தவர், அவளை அக்கா என்றுதான் சொல்வார். ஒலிப்பதிவாளரும் இருந்தார். அவர் இவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வயரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"ஓட்டு நம்ம பக்கம் விழல அக்கா. பதினஞ்சு வயசாவே இருக்கணும்னுட்டாங்க. பத்தொன்பது வயசுப் பையன வச்சு இன்னும் எப்படி எடுக்குறது? தினம் ரெண்டு வேளை மீசைய மழிக்குறான், அப்பவும் பச்சையா தெரியுது. புதுசா ஒரு பையனப் புடிச்சுட்டோம். பதின்மூணு வயசு. நல்லாப் பேசுறான், அவன் குரலே போதும்."

நாலு வருடமாக அந்தப் பையனின் உதட்டைத் தவிர வேறு எதையும் அவள் பார்த்ததில்லை. உதட்டுக்கு மேலே மீசை முளைத்ததை ஊரே பார்த்தது. அவள் பார்க்கவில்லை. நிழலன் என்றால் தன் குரல் என்றே நினைத்துவிட்டாள்.

"வளரணும்னு ஓட்டு விழுந்திருந்தா உங்களுக்குத்தான் அக்கா நிறைய வேலை" என்று இயக்குநர் வருத்தத்தோடு சொன்னார். "அவன் அப்பாவத் தேடிப் போற கதை. வழியெல்லாம் அவனோட சின்ன வயசுக் குரல் உள்ளுக்குள்ள பேசிட்டே வரும். முழுக்க நீங்கதான். எழுதியே வச்சிருந்தேன். யாரோ முதல்நாள் ரசிகனாம், ஓடிப்போன அப்பா, பேருந்துச் சீட்டுன்னு ஒண்ணு எழுதினான் பாருங்க, அதோட கதை கந்தலாச்சு. முதலாளியே படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு."

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றாள். கத்தவும் முடியவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவள் யாரிடம் போய்ப் பரிகாரம் கேட்பாள்? "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகளை நினைத்துக்கொண்டே வந்தாள். இந்த உலகத்தில் நிழலன் தன் குரல் என்று தெரிந்த ஒரே சொந்தம் அவள்தான். போனதன் பாரமும் அவளுக்குத்தான் புரியும். அவள் மடியில் முகத்தை வைத்து அழுதால் தேவலை என்றிருந்தது.

மகள் ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னாள். புதுப் பையன், மீசை, எழுதி வைத்திருந்த கதை. அந்த முதல்நாள் ரசிகனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

மகள் கேட்டு முடித்தாள். "அப்ப அவன் அப்பாவத் தேடித்தான் போயிருப்பான், இல்ல?" என்றாள்.

"ஆமாண்டி."

"சரி." புத்தகத்தை மூடினாள். "அத நான் உன்கிட்ட மட்டும்தாம்மா சொன்னேன்."

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எப்பத் தெரியும்?"

"படிச்ச அன்னிக்கே."

"வேல போயிடும்னு பயத்துல எழுதிட்டேண்டி. கண்ணு தெரியல எனக்கு."

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே எல்லாரையும் உன் பக்கம் ஓட்டுப் போட வச்சிருப்பேன்மா." மகளின் குரலில் கோபமே இல்லை. அதுதான் அம்மாவைக் கொன்றது. "உன் விஷயத்த நாலு வருஷம் நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. உங்கம்மா என்ன வேல பாக்குறாங்கன்னு எத்தன பேர் கேட்டிருப்பாங்க தெரியுமா?"

"மன்னிச்சுடுடி" என்றாள் அம்மா.

மகள் தலையை ஆட்டினாள். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு அவள்தான் சமைத்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்தாள். அம்மா பழையபடி கூட்டத்தோடு நின்று கத்தினாள். காலையில் கிளம்பும்போது எத்தனை மணிக்கு வருவேன் என்று மகள் சொல்வாள். திரும்பும்போது ஏதாவது வாங்கி வர வேண்டுமா என்று ஃபோன் செய்து கேட்பாள். உடம்புக்கு முடியாவிட்டால் மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் அவள் அம்மாவிடம் சொன்னதில்லை.