மேயரின் கூண்டைக் கழுவியவள்

என் தம்பி டேரிலை எனக்குப் பிடிக்காது. கூடப் பிறந்த பாவத்துக்கு அவன் வீட்டுக்கு எதிர் வீட்டில் குடியிருக்கிறேன். தெருவைக் கடந்து அங்கே நான் போவதெல்லாம் அவன் மனைவி லுவானுக்காகத்தான்.

லுவானுக்கு ஒக்காலா நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக் கூடத்தில் வேலை. கிழவர்கள் நனைத்த விரிப்புகளைப் பகலெல்லாம் துவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், டேரில் வளர்க்கும் பச்சோந்தியின் கூண்டு அவளுக்காகக் காத்திருக்கும். கூரை வேலைக்குப் போன இடத்தில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட பிறகு டேரில் வேறு வேலை தேடவில்லை. பச்சோந்தி வளர்ப்பது எப்படி என்று வீடியோ போட ஆரம்பித்தான். கூட்டம் சேர்ந்துவிட்டது. பச்சோந்தியைக் கையில் ஏற்றிக்கொண்டு கேமரா முன்னால் பேசுவது அவன் வேலை. தண்ணீர் தெளிப்பது, தீனிக்குச் சில்வண்டு போடுவது, எச்சம் வழிப்பது எல்லாம் இவள் தலையில்.

"வீடியோல உன் பேரையாவது சொல்றானா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு எதுக்கு பெர்னீஸ்? ஊருக்குக் காட்டற மூஞ்சியா இது?" என்று சிரித்தாள். அவள் அந்த வீடியோக்களைப் பார்த்ததும் இல்லை. தினமும் நேரில் கேட்கிற பேச்சை எதற்குத் திரும்பவும் கேட்பது என்பாள்.

அந்தப் பச்சோந்திக்கு மேயர் என்று பெயர். பச்சை உடம்பில் நீலப் பட்டை, தொங்கிய தாடை. எதைப் பார்த்தாலும் தனக்குப் பிடிக்கவில்லை என்பதுபோல் ஒரு பார்வை. லுவானுக்கு அதன் மேல் உயிர். "அது யாரையும் கூப்பிடாது, பெல் அடிக்காது, போர்வை மாத்தச் சொல்லாது" என்பாள். முதியோர் இல்லத்திலிருந்து வருகிறவளுக்கு அது பெரிய நிம்மதி.

மேயரின் கண் குழி விழுந்ததை முதலில் கவனித்தவள் அவள்தான். எச்சம் தண்ணியாகப் போயிருந்தது, நாற்றம் வேறு. டேரில் "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றான். அவள் எச்சத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு, வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டு, கால்நடை மருத்துவர் ஓர்ட்டேகாவிடம் போனாள். அந்த அம்மாள் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுக் குடலில் ஒட்டுண்ணி என்றார்.

"மருந்து பாதி வேலைதாம்மா. மீதி சுத்தம். எச்சத்துல முட்டை இருக்கும். அதையே நக்கி, அதுல ஏறின பூச்சியையே தின்னு, மறுபடி உள்ள போயிடும். கூண்டுல இருக்கிற செடி, மண், மரம் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுங்க. மரத்து ஓட்டைக்குள்ள போன முட்டைய என்ன கழுவினாலும் எடுக்க முடியாது."

லுவான் சொன்னபடி செய்தாள். மேயரை ஒரு வெறும் கூண்டுக்கு மாற்றி, கீழே காகிதம் விரித்து, எச்சம் விழுந்த உடனே எடுத்துப் போட்டாள். சில்வண்டுகளைத் திரிய விடாமல் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். பழைய கூண்டை நீராவியில் வேகவைத்து அம்மோனியாவால் தேய்த்தாள். செடிகளைக் குப்பையில் போட்டாள். கடைசியில் அந்தக் கட்டை.

அது ஆற்றில் மிதந்து வந்த கட்டை. யானைத் துதிக்கை போல் முறுக்கிக்கொண்டு பார்க்க அழகாகத்தான் இருக்கும். வீடியோவில் மேயர் எப்போதும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

"ஏய், அத வெச்சிட்டுப் போ. அந்தக் கட்டைய வெச்சுத்தான் ஜனங்களுக்கு என்னைய அடையாளம் தெரியும்" என்றான் டேரில்.

"அப்ப உன்னை வெச்சு அடையாளம் தெரியலையா?" என்றேன் நான்.

"அக்கா, நீ உன் வீட்டுக்குப் போ."

லுவான் கட்டையைத் தூக்கிக்கொண்டு போய்த் தெரு ஓரம் குப்பை வண்டிக்கு வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

மருந்து கொடுப்பதுதான் கொடுமை. பச்சோந்தி தானாக வாயைத் திறக்காது. அதற்குக் கோபம் வர வேண்டும். சீறும்போது வாய் திறக்கும், அப்போது ஊசியில்லாத சிரிஞ்சால் மருந்தை உள்ளே விட வேண்டும். அதனால் லுவான் அதைச் சீண்டுவாள். முகத்துக்கு நேரே விரலை நீட்டுவாள், வாலைத் தொடுவாள். அது கறுத்து, உப்பி, சீறும். மருந்து உள்ளே போகும். போகப் போக இவள் அறைக்குள் வந்தாலே அது கறுக்க ஆரம்பித்தது. சாப்பாட்டைக் கொண்டுவந்தாலும் கறுத்தது. ஒரு நாளும் மருந்து கொடுக்காத டேரில் வந்தால் அதே பச்சை, அதே நீலம்.

அவன் அதையும் வீடியோ ஆக்கினான். "யார் பாசமா இருக்காங்கன்னு இதுக்குத் தெரியும், மக்களே!" என்று சிரித்தானாம். ஆயிரம் பேர் இதயம் போட்டார்களாம். லுவானிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேயர் தேறியது. மருத்துவர் இரண்டு முறை எச்சத்தைப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்றார். புதுச் செடியோடு பழைய கூண்டுக்குத் திரும்பியது. லுவான் எனக்குப் பீச் பழம் வைத்துப் பலகாரம் சுட்டுக்கொண்டு வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

பிறகு மறுபடி கண் குழி விழுந்தது.

மருத்துவர் பார்த்தார். அதே ஒட்டுண்ணி. "கூண்டுல பழைய சாமான் ஏதாவது திரும்ப வெச்சீங்களா?" என்று கேட்டார். லுவான் இல்லை என்றாள். பக்கத்தில் நின்ற டேரிலும் இல்லை என்றான். "அப்ப கழுவினதுல எங்கயோ விட்டுப் போயிருக்கு" என்றார் அந்த அம்மாள். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து லுவான் தன்னைத்தானே நொந்துகொள்ள ஆரம்பித்தாள். கூண்டின் வலைக் கண்களைப் பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தாள். அம்மோனியா பட்டு விரல்கள் வெடித்தன. சலவைக் கூடத்தில் கையுறைக்குள் ரத்தம் கசிந்தது. "எங்கயோ விட்டுட்டேன் பெர்னீஸ், எங்கன்னு தெரியலை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். டேரிலும் சும்மா இருக்கவில்லை. "துணி துவைக்கிறது வேற, கூண்டு கழுவறது வேற" என்று போகிற போக்கில் ஒரு குத்து. மேயர் மறுபடி அவளைப் பார்த்துக் கறுத்தது. இந்தமுறை சீறக்கூட அதற்குத் தெம்பில்லை.

முடி வெட்டும் கடையில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தபோது, பொழுது போகாமல் போனில் டேரிலின் புது வீடியோவைப் பார்த்தேன். மேயர் உட்கார்ந்திருந்தது. அதன் கீழே அந்தக் கட்டை.

முடியை வெட்டிக்கொள்ளாமலே கிளம்பினேன். நேராக அவன் கார் ஷெட்டுக்குப் போனேன். வெந்நீர் டாங்குக்குப் பின்னால், பழைய போர்வை சுற்றி நிறுத்தியிருந்தான். அன்றைக்குக் குப்பை வண்டி வருவதற்குள் எடுத்து வந்திருக்கிறான். லுவான் வேலைக்குப் போனதும் மேயரை அதில் ஏற்றிப் படம் பிடிப்பான், அவள் வருவதற்குள் மறைத்துவிடுவான்.

கட்டையை இழுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தேன். லுவான் மேயரை ஒரு துண்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எதிரே டேரில். அதன் உயிர் காலையிலேயே போய்விட்டிருந்தது.

"டேய், இது என்னடா?"

டேரில் கட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. "ஹோஸ் போட்டுக் கழுவினேன்கா. வெயில்ல காய வெச்சேன். ரெண்டு நிமிஷம் உக்காந்தா என்ன ஆயிடும்?"

"அந்த டாக்டரம்மா முன்னாடி இல்லன்னு சொன்னியேடா, பாவி!"

"வீடியோ நின்னு போனா என்னைய யாரு பாப்பாங்க? உங்களுக்கு என்ன, உங்களுக்கெல்லாம் வேலை இருக்கு."

லுவான் கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் துண்டை மெதுவாக மடித்தாள். "தினம் அதைக் கோபப்படுத்தினேன் பெர்னீஸ். பொழைச்சுக்கும்னுதான் செஞ்சேன். ஒண்ணுமில்லாததுக்கு அதை அவ்வளவு பயமுறுத்தியிருக்கேன்" என்றாள். அப்புறம் அழுதாள். நானும் அழுதேன். அவன் எழுந்து வெளியே போனான்.

அந்தக் கட்டையைக் கோடரியால் பிளந்து என் கொல்லையில் போட்டு எரித்தேன். வயிற்றெரிச்சல் கொஞ்சமும் அடங்கவில்லை.

டேரில் மேயருக்கு அஞ்சலி வீடியோ போட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுல சுத்தம் விஷயத்துல எங்கயோ தவறிட்டோம்" என்றான். தவறிட்டோமாம்! நான் அதன் கீழே உண்மையை எழுதினேன். எவளோ பொறாமை பிடித்தவள் என்று பத்துப் பேர் என்னைத் திட்டினார்கள், பிறகு டேரில் நான் எழுதியதை அழித்துவிட்டான். டெக்சாஸில் பச்சோந்தி வளர்க்கும் ஒரு ரசிகர் மனமிரங்கிப் புதுக் குட்டி ஒன்றை அனுப்பிவைத்தார்.

"கூண்டை இந்தத் தடவையாவது ஒழுங்கா கழுவி வை" என்றான் டேரில்.

லுவான் சிரிஞ்ச், கையுறை, அம்மோனியா எல்லாவற்றையும் கொண்டுபோய் அவன் கேமரா மேசை மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. அவன் ஈரத் துணியால் கூண்டை ஒரு துடை துடைத்துக் குட்டியை உள்ளே விட்டான். எச்சம் காய்ந்து கிடந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. விட்டுவிடாதே, பிடிவாதமாக இரு என்று தினமும் அவளுக்குச் சொல்லிவந்தேன்.

குட்டி பட்டப்பகலில் கண்ணை மூட ஆரம்பித்தது. நோய் வந்த பச்சோந்திதான் அப்படிச் செய்யும்.

அன்று சாயங்காலம் நான் போனபோது லுவான் கையுறை மாட்டிக்கொண்டு கூண்டுக்குள் குனிந்திருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உனக்குச் சூடு சொரணை இல்லையா?" என்று கத்தினேன்.

"இருக்கு. அவன் மேல இருக்கிற கோபத்துக்கு இது சாகணுமா?" என்றாள், திரும்பாமலே.

டேரில் விளக்கைப் போட்டுக் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தான். குட்டிக்கு வைத்தியம் பார்ப்பது எப்படி என்று வீடியோவாம். லுவான் குட்டியைச் சீண்டி வாயைத் திறக்க வைத்து, மருத்துவர் கொடுத்த மருந்தில் ஒரு சொட்டு விட்டாள்.

"லுவான், கொஞ்சம் தள்ளிக்கோ. உன் கை படத்துல விழுது" என்றான்.

அவள் சிரிஞ்சை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.