பிரைமரியில் ஜெயித்தவர்

அந்த வருடம் காட்டுமன்னார்கோயிலில் என் மாமனார் வீட்டில் பொங்கல் முடிந்த பிறகும் பேச்செல்லாம் அமெரிக்கத் தேர்தல்தான். கணவர் அமெரிக்காவில் வேலையில் இருந்தார். நான் லால்பேட்டை பக்கம் ஒரு அரசு தொடக்கப் பள்ளியில் டீச்சர். பரீட்சை எழுதி, வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வேலை. அதை ராஜினாமா செய்துவிட்டு நான் அவரிடம் போக வேண்டும். போனாலும் மனைவிமார் வேலை பார்க்கத் தனி பெர்மிட் வேண்டுமாம். எந்த வேட்பாளர் அதைத் தருவார், எவர் பிடுங்குவார் என்று தினமும் காலையில் ஸ்பீக்கர் போனில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சண்டை.

மாமனார் ஒரு மாதமாக 'பிரைமரி' என்றால் பள்ளிக்கூடம் என்றே நினைத்திருந்தார். எங்கள் ஓட்டுச்சாவடி எப்போதும் தொடக்கப் பள்ளியில்தானே. "பிரைமரில ஜெயிச்சா அப்புறம் ஹைஸ்கூல்ல நடக்குமாடா?" என்று கேட்டார்.

"ஸ்கூல் இல்லப்பா. கட்சி சார்பா யார நிறுத்துறதுன்னு கட்சிக்காரங்களே முடிவு பண்றது. மொதல்ல காக்கஸ் நடக்கும். ஒரு ஹால்ல கூடி, அவுங்கவுங்களுக்குப் புடிச்ச ஆளு பக்கமா போய் நிப்பாங்க. தலைய எண்ணுவாங்க."

"ஒனக்கு ஓட்டு இருக்கா?"

"இல்ல."

"அப்ப எதுக்குடா இந்தக் கத்து கத்துற?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் மாமனார் தீர்ப்புச் சொன்னார். "மொத ரிசல்ட் வரட்டும். நீ சொல்ற ஆளு முன்னால வந்தான்னா மருமவ லெட்டர் குடுத்துடட்டும்." கணவரும் சரி என்றார்.

"நான் எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு யாரும் கேக்கலியே மாமா?" என்றேன்.

"பாருடா, டீச்சரும் அரசியல் பேசுது!" இருவரும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் போகமாட்டேன் என்று சொன்னால் புருஷனோடு வாழப் பிடிக்காதவள் என்றாகிவிடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே, முகம்கூடச் சரியாகத் தெரியாத எதிராளி ஜெயிக்க வேண்டுமென்று பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் நேர்ந்துகொண்டேன்.

கணவர் சொன்ன ஆள்தான் முன்னால் வந்தார். மாமனார் தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தார். ஜெயித்த அந்த மனிதர் கொஞ்ச நாளில் போட்டியை விட்டே விலகிவிட்டார். அதற்குள் நான் லெட்டர் எழுதியாகிவிட்டது.

தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். "இப்படி எழுதுனா ஆபீஸ்ல ஏத்துக்க மாட்டாங்கம்மா. 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில்'னு ஒரு வரி வேணும்."

"நீங்களே எழுதிடுங்க டீச்சர்."

"ஒன் கையெழுத்துலதாம்மா இருக்கணும்."

ஒன்றாம் வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதுவது போல நிறுத்தி நிறுத்தி, ஒரு பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.