இரட்டைப் பிள்ளைக்காரி

நைஜீரியாவின் இபாதான் ஊரில் எங்கள் தெருப் பெண்களுக்குப் பேர் பிள்ளையால் வருவது. நான் கோலாவின் அம்மா; என் சொந்தப் பேர் என் புருஷனுக்கே மறந்திருக்கும். பக்கத்துக் கடையில் கிழங்கு மாவு விற்கும் அஜோகேக்குப் பிள்ளையில்லை. அதனால் நாற்பத்தேழு வயதிலும் நாத்தனார்மார் அவளைப் புதுப்பெண் என்றே கூப்பிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மழைக்காலத்தில் அவள் ஆளே மாறிப்போனாள். தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை. பேரம் பேசியவள் மேல் மாவு அளக்கும் கிண்ணத்தை வீசினாள். திடீரென்று குப்பென வேர்த்துக் கொட்டும். மூன்று மாதமாகத் தீட்டும் வரவில்லை. எங்கள் ஜெபசபையின் தீர்க்கதரிசினியம்மா அவள் வயிற்றில் கைவைத்து, உள்ளே இரட்டைப் பிள்ளை என்று சொல்லிவிட்டாள்.

முதலில் அவளும்தான் நம்பினாள். அன்றிலிருந்து தெருவே அவளை இரட்டைப் பிள்ளைக்காரி என்றது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை தானாக வரும் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. புருஷன் டிமேஜியும் அப்படியே கூப்பிட்டான். மாவு மூட்டையை அவளைத் தொடவிடவில்லை. பிள்ளை வரத்துக்கான நன்றி ஆராதனைக்கு நாத்தனார்மார் எல்லாருக்கும் ஒரே நீலத்துணி எடுத்துத் தைத்தும் விட்டார்கள்.

அந்த வாரம்தான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸ் சோதித்துப் பார்த்து, பிள்ளையில்லை, தீட்டு நிற்கும் பருவம் என்றாள். அழுகையும் எரிச்சலும் அதோடு வருவதுதான், பைத்தியமில்லை, மருந்து இருக்கிறது, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா என்றாளாம். எந்த வாயால் கூப்பிடுவாள்? நேராக வந்து என் கடைச் சாக்கின்மேல் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் நல்லவங்கதான்டி, அதான் மூச்சு முட்டுது. அடிச்சான்னா ஓடிறலாம். இவன் காலைப் புடிச்சு விடுறான்."

"சொல்லித்தொலையேன். எனக்கும்தான் நின்னுச்சு, செத்தா போயிட்டேன்?"

"உனக்கு கோலா இருக்கான்."



ஞாயிற்றுக்கிழமை நன்றி ஆராதனையில், கடவுள் பிள்ளை தந்ததைச் சாட்சி சொல்ல அவளை மைக் முன் நிறுத்தினார்கள். நீலத்துணி வேர்வையில் ஒட்டிக்கிடந்தது.

"பிள்ளை இல்ல. தீட்டு நின்னுபோச்சுன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. எனக்குத் தூக்கமே இல்ல. செத்துடலாம்னு தோணுது."

அமங்கலமான பேச்சு காதில் விழுந்தால் தலையைச் சுற்றி விரலைச் சொடுக்கி உதறுவது எங்கள் வழக்கம். சபை முழுக்கச் சொடுக்கியது. பேசுவது சாத்தான் என்று சொல்லி, தீர்க்கதரிசினியம்மா அவளை முழங்காலில் தள்ளித் தலையை அமுக்கினாள். கூட்டம் ஆமென் போட்டது. பொய்க்குள் அடைபட்டுக் கிடந்தவள் உண்மையைச் சொல்லியும் வெளியே வர முடியவில்லை. நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

சபையில் இன்னொருவர் கையும் சொடுக்கவில்லை. டிமேஜி எழுந்து போய், அவள் தலைமேல் இருந்த கையை விலக்கினான். தன் குல்லாயைக் கழற்றி அவளுக்கு விசிறினான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவன் அக்காக்காரி கையைப் பிடித்து இழுத்தாள், உதறிவிட்டான்.

"எந்திரி, அஜோகே. நாளைக்கு அந்த நர்ஸைப் பாக்கப் போலாம். நானும் வர்றேன்."

வெளியே நடந்த இருவருக்கும் பின்னாலேயே நாத்தனார்மார் வாசல்வரை வந்து, இரட்டைப் பிள்ளைக்காரி நில்லு, நில்லு என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.