கதவுக்கடியில் வந்த சர்க்கரை

2024 அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை. எழுந்ததும் செபமாலை சொன்னேன். நாட்குறிப்பில் முந்தின நாளை எழுதி முடித்தேன். என் மனைவி ராணி வழக்கம்போல இன்சுலின் போட்டுக்கொண்டாள். அதன் பிறகுதான் ரொட்டியைப் பிரித்தோம். பூஞ்சை பிடித்திருந்தது.

நாங்கள் திண்டுக்கல்காரர்கள். இருவரும் ஆசிரியர்கள். உகாண்டாவில் ஒரு கிராமத்துப் பள்ளியில் மறைப்பணி செய்துவந்தோம். விடுமுறைக்குக் கம்பாலா நகரைச் சுற்றிப் பார்க்க வந்து, கத்தோலிக்கக் கோயில் ஒன்றை ஒட்டிய விடுதியில் தங்கியிருந்தோம். ஓய்வுக்கு வந்தேனே தவிர, நான் ஓய்வாக இல்லை. ஏரிக்கரையில் படம் எடுத்துத் தருகிறேன் என்றவரிடம் போனைக் கொடுக்கவில்லை. விடுதிச் சமையலறைத் தண்ணீரை நம்பவில்லை. அறையைக் கூட்ட வந்த ரோஸ் என்ற பெண்ணை, பெட்டிகளைப் பார்க்கிறாளோ என்று இரண்டு முறையும் வாசலோடு அனுப்பிவிட்டேன்.

"ஏங்க, கீழேயே ஒரு வாய் சாப்பிட்டுக்கிறேனே," என்றாள் ராணி.

"வேண்டாம். கடை பக்கத்துலதான் இருக்கு. இந்தா வாரேன்."

"சரி, செத்த நேரம் படுக்கிறேன். சுருக்க வாங்க."

வெளியே பறித்துவிடுவார்கள் என்ற பயத்தில் இரண்டு போன்களையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு எங்கள் ஊரில் காலைப் பூசைக்குப் போகும்போது செய்வதையே செய்தேன். படுத்திருப்பவளை எழுப்ப வேண்டாம் என்று வெளிக்கொண்டியில் திண்டுக்கல் பூட்டைப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவிக்கொத்தோடு கிளம்பினேன்.

தெருவில் ஒரு வாடகை மோட்டார் சைக்கிள்காரர் என் பின்னாலேயே மெதுவாக வந்தார். ஏதோ சொல்லிக் கூப்பிட்டார். சவாரிக்குத்தான் கூப்பிட்டிருப்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாவியைப் பார்த்துவிட்டான் என்று நினைத்தேன். அவரைத் தவிர்க்க ஒரு சந்துக்குள் நுழைந்தேன். அதிலிருந்து இன்னொரு சந்து. பிறகு ஒரு பெரிய சந்தைக்கு நடுவே நின்றேன். எந்தப் பக்கமாக வந்தேன் என்று தெரியவில்லை.

வழி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்நியன் என்று தெரிந்தால் எங்காவது கூட்டிக்கொண்டு போய்விடுவார்களே என்று, வழி தெரிந்தவனைப் போல நடந்தேன். திரும்பத் திரும்ப அதே செருப்புக் கடைக்கு வந்தேன். அப்போதுதான் உறைத்தது. ஊசி போட்டவள் சாப்பிடாமல் இருக்கிறாள். சர்க்கரை இறங்கினால் மயங்கிவிடுவாள். கதவு வெளியே பூட்டியிருக்கிறது. போன் பெட்டிக்குள். சாவிகள் எல்லாம் என் கையில்.

அங்கேயே நின்று செபித்தேன். "ஆண்டவரே, யாரை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பூட்டிவிட்டு வந்த இடத்துக்குள் நீர் போவீராக." அவ்வளவுதான் வாயில் வந்தது.

கண்ணைத் திறந்தபோது எதிரே வாழைப்பழம் விற்கும் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன ஐயா, உடம்புக்கு முடியலையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கோயில் பெயரைச் சொன்னேன். அவர் ஒரு மோட்டார் சைக்கிளைக் கைதட்டி நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார். வண்டி எனக்குத் தெரியாத தெருவில் திரும்பியது. ஏமாந்துவிட்டேன் என்றே நினைத்தேன். குதித்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். மறு திருப்பத்தில் கோயில் கோபுரம் தெரிந்தது.

அறை வாசலில் ரோஸ் தரையில் உட்கார்ந்து கதவோடு பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காவலாளி, கையில் கம்பியோடு. பூட்டு நசுங்கியிருந்தது. திறந்திருக்கவில்லை.

ராணி எழ முடியாமல் கட்டில் காலைத் தட்டியிருக்கிறாள். ரோஸுக்குக் கேட்டிருக்கிறது. கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. சாப்பாட்டு மேசையிலிருந்த சின்னச் சின்னச் சர்க்கரைப் பொட்டலங்களை அள்ளிவந்து, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளியிருக்கிறாள். ராணி தவழ்ந்துவந்து பிரித்துப் பிரித்துத் தின்றிருக்கிறாள். அவள் தூங்கிவிடாதபடி ரோஸ் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அது நான் செபித்த அதே நேரமா என்று எனக்குத் தெரியாது. ரோஸும் கடிகாரம் பார்க்கவில்லை. என் செபத்துக்குக் கிடைத்த பதில் அதுதான் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

நசுங்கியிருந்தாலும் சாவிக்குப் பூட்டு திறந்துகொண்டது. கதவைத் திறந்தேன். வேர்வையில் நனைந்து, உதட்டில் சர்க்கரையோடு சுவரில் சாய்ந்திருந்தாள் ராணி.

"ரொட்டி வாங்கப் போனீகளா, கோதுமை விதைக்கப் போனீகளா?" என்றாள். பிறகு கம்பி வைத்திருந்தவரைப் பார்த்துவிட்டு, "அம்புட்டு அடிச்சும் திறக்கல. நம்ம ஊரு பேரக் காப்பாத்திட்டீக!"

ராணியின் முகத்தைப் பார்த்து ரோஸும் சிரித்தாள். நான் அழுதேன்.

அன்பானவர்களே, என் சந்தேக குணம் ஒரே நாளில் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் கடவுள் உதவி அனுப்பும்போது நமக்குப் பிடித்த முகத்தைப் பார்த்து அனுப்புவதில்லை. நீங்களும் அவரிடம் கேளுங்கள். கேட்ட பிறகு, பக்கத்தில் நிற்பவர் முகத்தையும் ஏறிட்டுப் பாருங்கள்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கீழே போய் ரோஸிடம், "ரொட்டிக் கடைக்கு எப்படிப் போக வேண்டும்?" என்று கேட்டேன்.