கன்பூசியஸ் முன்னிலையில் ஒரு தோள் துண்டு

கீழநாணச்சேரி இராஜாங்கத்தின் தோளில் கிடப்பது கரை போட்ட துண்டு. கரையின் நிறத்தைச் சொன்னால் கட்சி தெரிந்துவிடும் என்பதால் அதை விட்டுவிடுவோம். குளிக்கும்போது இறக்குவார், படுக்கும்போது இறக்குவார். இன்னொரு மனிதரின் முன்னால், அந்த மனிதருக்காக, இறக்கியது கிடையாது. கலெக்டர்கள், வங்கி மேலாளர்கள், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரச் சொல்லும் கோயில்கள் என்று இந்த அறுபத்திரண்டு வருடத்தில் பலரும் முயன்று பார்த்துக் களைத்துவிட்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அப்பா சிங்காரவேலு பண்ணையாளாக இருந்த காலத்தில், மிராசுதார் வீட்டு வாசலைக் கடக்கும்போது தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு வந்துவிட வேண்டும். ஒரு நாள் சிங்காரவேலு இறக்காமல் கடந்தார். அந்தப் போகம் முழுக்க அவருக்கு யார் வயலிலும் வேலை இல்லை. வாய்க்காலில் நத்தையும் நண்டும் பிடித்துத் தின்று குடும்பம் அறுவடைவரை காலத்தை ஓட்டியது. இன்று அதே மிராசு நிலத்தில் இரண்டு ஏக்கர் இராஜாங்கத்தின் பெயரில் பட்டாவாகி, சம்பா விளைகிறது. துண்டும் தோளிலேயே இருக்கிறது.

இப்பேர்ப்பட்ட துண்டுக்குச் சோதனை கொரியாவிலிருந்து வந்தது.

மகள் செம்மொழி தஞ்சாவூரில் வேதியியல் படித்துவிட்டு, பேட்டரி ஆராய்ச்சிக்காகத் தென்கொரியா போனவள். கூட வேலை பார்க்கும் ஜிஹூனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். பையனின் அப்பா குவோன், அண்டோங் பக்கத்தில் பரம்பரைப் பெரிய வீட்டுக்காரர். கன்பூசியஸ் வகுத்த முறையில் கடுகளவு பிசகினாலும் தாங்க மாட்டார். அங்கே புதிதாகக் கட்டியிருக்கும் கன்பூசியப் பண்பாட்டுக் கூடத்தில் இரு வீட்டாரும் சந்திக்க வேண்டும், பழைய கால அங்கி அணிந்து ஒருவருக்கொருவர் தரையில் குனிந்து வணங்க வேண்டும், அது நல்லபடியாக நடந்தால்தான் சம்மதம் என்றார். அப்பா சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை என்று ஜிஹூனும் சொல்லிவிட்டான்.

அங்கி போட்டால் துண்டுக்கு இடமில்லை.

"அஞ்சே நிமிஷம்ப்பா. எடுத்து அம்மாகிட்ட குடுத்துட்டு, அப்புறம் போட்டுக்கங்க," என்றாள் செம்மொழி போனில்.

"ஒந்தாத்தாவும் அஞ்சு நிமிஷம் எறக்கியிருந்தா ஒரு போகம் சோறு தின்னுருப்பாரும்மா."

செம்மொழி விமான டிக்கெட்டை மட்டும் அனுப்பிவைத்தாள்.

திருச்சி விமான நிலையத்தில் சோதனைக்காரர் துண்டைத் தட்டில் வைக்கச் சொன்னார். "என்னையும் சேத்து வச்சு அனுப்பிடுங்க தம்பி," என்றார் இராஜாங்கம். பின்னால் நின்ற வரிசையைப் பார்த்த சோதனைக்காரர், தோளோடு சேர்த்தே கருவியை ஓட்டி அனுப்பிவைத்தார். சர்வதேச அரங்கில் துண்டு பெற்ற முதல் வெற்றி இது.

அண்டோங் கூடம் பிரம்மாண்டமானது. நெல் கொள்முதல் நிலையங்கள் நாற்பதை உள்ளே வைக்கலாம்; ஒரு மூட்டைகூட மழையில் நனையாது. சுவர் முழுக்கத் திரை. தொட்டால் கன்பூசியஸ் தாடியைத் தடவிக்கொண்டு பேசினார். ஒரு திரையில் மனித உறவுகள் ஐந்து என்று போட்டிருந்தது. அரசன் குடி, அப்பா மகன், புருஷன் பெண்டாட்டி, மூத்தவர் இளையவர், நண்பர்கள் என்று செம்மொழி படித்துச் சொன்னாள்.

"நாலுல ஒருத்தரு மேல, ஒருத்தரு கீழ. அஞ்சாவதுதான் பரவால்ல," என்று தீர்ப்பளித்தார் இராஜாங்கம். "ஆமா, சம்பந்தி இதுல எங்க வராரு?"

செம்மொழி தேடினாள். எங்கும் வரவில்லை.

"இத்தன வருசம் யோசிச்சவங்க சம்பந்திய விட்டுட்டாங்களே," என்றார் அவர் மனைவி அம்சம். "நம்ம ஊருன்னா பந்தியிலயே பிரச்சின ஆயிருக்கும்."

அங்கி அறையில், கையில் அங்கியோடு நின்ற பெண் துண்டைச் சுட்டிக்காட்டினாள். இராஜாங்கம் அன்பாகச் சிரித்து, தலையை ஆட்டி மறுத்தார். அவள் மறுபடி சுட்டினாள். அவர் மறுபடி சிரித்தார். இந்தப் பேச்சுவார்த்தை நீண்டுகொண்டிருந்தபோது கதவு நகர்ந்தது. எழுபத்தாறு வயது குவோன், தொப்பியும் அங்கியுமாக மகனுடன் உள்ளே வந்தார். விருந்தாளியைப் பார்த்ததும் முறைப்படி மண்டியிட்டு, நெற்றி தரையைத் தொடக் குனிந்தார்.

தன்னைவிட மூத்தவர் காலடியில் குனிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வழக்கம் கீழநாணச்சேரியில் மிராசுதார்களுக்கு மட்டும்தான் இருந்தது. இராஜாங்கம் பதறிப்போனார். "ஐயா, எந்திரிங்க, என்னங்க இது," என்று பாய்ந்துபோய், பெரியவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டார். தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்தது. அங்கிக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜிஹூனின் முகம் வெளுத்தது.

"நீங்களும் கூடவே குனியணும்ப்பா," என்றாள் செம்மொழி மெதுவாக. "தூக்கக் கூடாது. போச்சு."

அவள் கண் கலங்கியிருந்தது. பிளஸ் டூ ரிசல்ட் அன்றுகூடக் கலங்காதவள்.

நாற்பது வருடம் கட்சி மேடை கண்ட மனிதருக்கு மரியாதை செய்ய ஒரு வழி தெரியும். "அம்சம், பொன்னாட எங்க?"

"பெட்டியில. பெட்டி ஓட்டல்ல."

இராஜாங்கம் மகளைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒரு உதறு உதறி, இரு கையாலும் பெரியவரின் தோளில் போர்த்திக் கும்பிட்டார். முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்திய அம்சம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

செம்மொழி கொரிய மொழியில் விளக்கத் தொடங்கினாள். பொன்னாடையில் ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. தாத்தா, மிராசுதார் வாசல், வேலையில்லாத போகம் எல்லாம் வந்தது. குவோன் தொப்பியைச் சரிசெய்யாமலே கேட்டார். துண்டின் கரையை விரலால் தடவினார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நத்தைய எப்புடி சமைச்சீங்கன்னு கேக்குறாருப்பா. கொரியப் போர் முடிஞ்ச வருசம் அவங்க வீட்லயும் ஆத்து நத்ததானாம்."

"புளி ஊத்தி," என்றார் இராஜாங்கம்.

"அவரு சொல்றத சொல்லாதடி. மொளகு தட்டிப் போட்டுன்னு சொல்லு," என்றார் அம்சம்.

தோள் காலியாக இருந்ததால் இப்போது அங்கி தடையில்லாமல் ஏறியது. இருவரும் எதிரெதிரே நின்று, ஒரே நேரத்தில் குனிந்தார்கள். யார் தலை முதலில் நிமிர்ந்தது என்பதில் இரு தரப்புக்கும் புகார் இல்லை. குவோன் அங்கிக்கு மேல் கிடந்த துண்டை இறக்கவில்லை. காருக்கு ஆளனுப்பி ஒரு துண்டை வரவழைத்தார். பெரியவர்கள் பிறந்தநாளுக்குப் பெயர் அச்சடித்த துண்டு கொடுப்பது அங்கே வழக்கமாம். அவருடைய எழுபதாவது பிறந்தநாளில் மிஞ்சியது. அதை இரு கையாலும் இராஜாங்கத்தின் தோளில் போட்டுவிட்டு, கல்யாணத்துக்குத் தை மாதம் தோதுப்படுமா என்று கேட்டார்.

ஊர் திரும்பியபின் சித்திரை வெயிலில், கூத்தாநல்லூர் அப்துல் ஜலீல் ஜவுளிக்கடைக்கு வேட்டி எடுக்கப் போனார் இராஜாங்கம். வருடக்கணக்கில் அவருக்குக் கரைத் துண்டு விற்கும் ஜலீல், தோளைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னங்க இது? குளிச்சுட்டுத் தொவட்டுற துண்டாச்சே. கம்பளி மாதிரி இருக்கு."

"சம்பந்தி போட்டது பாய்."

கழுத்திலிருந்து வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

"அத எறக்கி வச்சுட்டு, காத்தோட்டமா ஒக்காருங்க."

இராஜாங்கம் துண்டைத் தோளில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஃபேன மட்டும் கொஞ்சம் வேகமா வைங்க."