பயப்படுத்தினார்கள் என்றால் போதுமா?

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தேன். அடுத்த அறையில் மலையகத்து அட்டன் பக்கத்திலிருந்து வந்த இளம் தாய் ஒருத்தி. கணவனுக்கு இரத்மலானையில் தொழிற்சாலை வேலை. ஒரு பின்னேரம் நான் கந்தோர் வேலை முடிந்து வந்தபோது, அவள் மகளைக் கட்டிப்பிடித்தபடி கட்டிலுக்கடியில் கிடந்தாள்.

சிவில் உடுப்பில் சிலர் வந்து அவளுடைய தம்பி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்றதும், ஒருவன் நாலு வயதுப் பிள்ளையின் வாய்க்குள் துப்பாக்கி முனையை வைத்துவிட்டுச் சிரித்திருக்கிறான்.

"கொல நடுங்க வச்சிட்டாங்கக்கா," என்றாள்.

எனக்குச் சிங்களம் தெரியும். இருவரையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். அங்கே தமிழில் எழுத ஆளில்லை. அவள் சொன்னதையெல்லாம் நான் சிங்களத்தில் சொன்னேன். முறைப்பாடு எழுதியவர் துப்பாக்கி என்றதும் பேனாவை நிறுத்தினார். பிறகு "பய கலா" என்று எழுதி வாசித்தார். பயப்படுத்தினார்களாம். அவ்வளவுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையைப் பூச்சாண்டி வருகுது என்று நாங்களும்தான் பயப்படுத்துகிறோம். அதற்கும் இதற்கும் ஒரே சொல்லா?

"மாத்தயா, பய இல்லை. பீஷணய என்று எழுதுங்கோ," என்றேன். பயங்கரம் என்று அர்த்தம். ரேடியோச் செய்தியில் நாளாந்தம் அடிபட்ட சொல்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தச் சொல் உங்கட ஆக்கள் செய்யிறதுக்கு, நோனா. இவர்கள் விசாரிக்க வந்தவர்கள்."

செய்தவன் யாரென்று பார்த்துத்தான் சொல்லையே தெரிவுசெய்வார்கள் போலிருந்தது. வாய்வரை வந்ததை விழுங்கினேன். எங்களைத் தடுத்துவைக்கப் பொலிசுக்குக் காரணமா வேண்டும்?

"என்னக்கா சொல்றாரு?" என்றாள். சொன்னேன்.

"அப்ப நான் கையெழுத்துப் போடமாட்டேன். எந்தச் சொல்லும் வேணாம். புள்ள வாயில துவக்க வச்சாங்கல்ல, அத எழுதச் சொல்லுங்க."

இருந்த வாங்கை விட்டு அவள் எழும்பவில்லை. பின்னால் முறைப்பாடு கொடுக்க நின்ற ஆட்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் அவர் எரிச்சலோடு பேனாவை எடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதினார். நான் வாசித்துச் சொன்ன பிறகே அவள் கையெழுத்து வைத்தாள்.

விசாரணைக்கென்று ஒருவரும் வரவில்லை. கொஞ்சக் காலத்தில் அவர்கள் பாமன்கடைப் பக்கம் வீடு மாறினார்கள். போகும்வரை அந்தப் பிள்ளை கரண்டியைக் கண்டாலே பல்லை இறுக்கிக்கொள்ளும். தாய் விரலால்தான் ஊட்டினாள்.